அவள் சொல்லாமல் விட்ட சரி

அன்று பேருந்து நிறுத்தத்தில் அவள் என்னைப் பார்த்து ஏன் 'சரி' சொல்லவில்லை?

இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட பிறகும் தெரியவில்லை. காலம் போனால் கேள்வியும் பழசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கேஸ் குமிழைத் திருகும்போதும், தாழ்ப்பாள் போடும்போதும், மகளின் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கும்போதும் நீட்டிய விரல் ஒன்று கண்ணில் வருகிறது. பிறகு அது மெல்லத் தாழ்கிறது.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அவளுடைய அம்மா உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேட்காமல் எழுதுவது முறையல்ல என்று தோன்றுகிறது. அப்படிக் கேட்பதாக இருந்தால் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு பருவம் மட்டும் ஜப்பானில் படிக்க வாய்ப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக நிற்பதால் கல்லூரியிலேயே அந்த மொழியைக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரி. விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர்: நான், வியட்நாமிலிருந்து வந்த லின், பிறகு அவள். அவள் அந்த நாட்டுப் பெண். வெளிநாட்டு மாணவிகளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று தானாகவே கேட்டு எங்கள் அறைக்கு வந்தவள். நாங்கள் பேசிக்கொண்டது பாதி ஆங்கிலம், பாதி ஜப்பானியம். இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுத முடியும்.

முதல் நாள் காலை வகுப்புக்குக் கிளம்பினோம். செருப்பு மாட்டிக்கொண்டு நானும் லின்னும் வாசலில் நிற்கிறோம். அவள் மட்டும் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். வலது கையைத் தோளிலிருந்து நேராக நீட்டி, ஆள்காட்டி விரலால் அடுப்பைக் குறிவைத்து, "யோஷி" என்றாள் உரக்க. அடுத்து ஜன்னலுக்கு ஒரு யோஷி. தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. பிள்ளையை வகுப்பைவிட்டு வெளியே போகச் சொல்லும் வாத்தியாரைப் போல இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாலையில் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அடுப்பாண்ட பேசுறாளா?" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க ஊர்ல சாமி கும்புடுறது அப்டித்தான் போலக்கீது. நீ ஒண்ணும் சொல்லிவெக்காதே" என்றார்.

சாமி கும்பிடுவது இல்லை. அவளுடைய அப்பா ரயில் ஓட்டுநராக இருந்தவர். அங்கே ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரல் நீட்ட வேண்டும், 'யோஷி', அதாவது எல்லாம் ஒழுங்கு, என்று வாயால் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்தபடி போவாளாம். அப்பா செய்ததை இவள் வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டாள்.

"கண் சோம்பேறி" என்பாள். "பார்த்த மாதிரி நடித்துவிடும். விரல் போனால் கண்ணும் கூடவே போய்த்தான் ஆக வேண்டும். வாய் சொன்னால் அதற்குக் காது சாட்சி."

இதை அவள் உபதேசமாகச் சொன்னதே இல்லை. நாம் கேட்டால் மட்டும் சொல்வாள், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு. மற்றபடி ரொம்பச் சாதாரணப் பெண். மதியம் தூங்குவாள். எலுமிச்சைச் சாதத்துக்கு உயிரை விடுவாள். அம்மா கொடுத்து அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை வெறும் வாயில் தின்றுவிட்டு, மூடியை இறுக்கி, அதற்கும் விரலை நீட்டுவாள்.

"ஊறுகாய் எங்கே ஓடிப்போகப் போகிறது?" என்று லின் கேலி செய்வாள்.

"ஊறுகாய் ஓடாது. எறும்பு ஓடி வரும்."

அம்மாவோடு நான் போனில் பேசுவதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள், "உன் அம்மாவிடம் ஓயாமல் ஒரே வார்த்தையைச் சொல்கிறாயே, அது என்ன?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. சரிம்மா, சரி, சாப்டுட்டேன் சரி, சரி வெச்சிடட்டா. அர்த்தத்தைச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்து விரலை நீட்டி, "சரி" என்றாள்.

"எங்கள் வார்த்தையைவிட இது மெத்தென்று இருக்கிறது" என்றாள். அன்றிலிருந்து அந்த அறையில் யோஷி போய்விட்டது. நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில், தினமும் காலையில் ஜன்னல், குழாய், அடுப்பு எல்லாவற்றுக்கும் தமிழில் சரி விழுந்தது. வீட்டு நினைப்பில் நான் அழாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

ஆட்களை நோக்கி மட்டும் அவள் விரல் நீட்டியதில்லை. அங்கேயும் அது மரியாதைக் குறைவுதான். எங்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம், சோறு தின்கிற பிள்ளையைப் பார்த்து யாராவது விரல் காட்டிவிட்டால் அம்மா உடனே உப்பு மிளகாயைக் கையில் எடுத்துவிடுவார்.

அது மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தோம். தரை ஆடத் தொடங்கியது. அலமாரியில் தட்டுகள் கடகடத்தன. மேசைக்கு அடியில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கே அது சின்ன நிலநடுக்கம், செய்தியில்கூட ஒரு வரிதான் வந்தது. எனக்கு முழங்கால் நிற்காமல் நடுங்கிற்று. ஆட்டம் நின்றதும் அவள் முதலில் வெளியே வந்து அடுப்பை அணைத்து, விரல் நீட்டி, சரி என்றாள். கதவைத் திறந்து வைத்து, சரி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "மன்னிக்கணும், செய்யலாமா?" என்று கேட்டாள். நாங்கள் தலையாட்டினோம்.

லின்னை நோக்கி விரல் வந்தது. "லின், சரி."

என்னை நோக்கி வந்தது. என் பெயரைச் சொல்லி, "சரி" என்றாள்.

முழங்கால் நின்றது. அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பயம் என்னோடு கூடவே பிறந்தது. பரீட்சைக்குப் போனால் பேனாவை இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறவள். என்னைப் பார்த்து வேறு ஒருவர் முழு நம்பிக்கையோடு சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"உன்னைச் சொல்லவில்லையே?" என்று கேட்டேன்.

தன்னைக் குறிக்க அவர்கள் மூக்கைத் தொடுவார்கள். அவள் மூக்குவரை விரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டாள். "நான் பார்க்கிறவள். பார்க்கிறவள் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாது."

"அப்போ நான் சொல்றேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவளைப் போலவே கையை நீட்டி, "சரி" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். அதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. வெளியே எங்கேயாவது போகும்போது அவள் எங்களைச் சொல்வாள், நான் அவளைச் சொல்வேன்.

ஒரு நாள் கிளம்பும் அவசரத்தில், துணி தேய்க்கும் பெட்டியை நோக்கி நீண்ட விரல் சட்டென்று தாழ்ந்தது. போய்ப் பெட்டியின் அடியில் கையைக் கிட்டே கொண்டுபோனாள். கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்க மறந்திருந்தேன். சரியில்லாததற்குச் சரி சொல்லக் கூடாது, விரலைத் தாழ்த்திவிட்டு அதைப் போய்க் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நாள் லின் தன் ஆய்வறிக்கையை எழுதி முடித்துவிட்டதாகக் குதித்தாள். "எனக்குச் சரி சொல்" என்று மடிக்கணினியை அவள் முன்னால் நீட்டினாள். விரல் எழுந்தது, தாழ்ந்தது. "கடைசிப் பக்கம் பாக்கி இருக்கிறதே. பாதி வேலைக்குச் சொல்லக் கூடாது. முடித்துவிட்டு வா, சொல்கிறேன்." லின் ஒரு வாரம் அவளைத் திட்டினாள். முடித்த அன்று அவளே வந்து விரலுக்கு முன்னால் நின்றாள்.

ஆக, விரல் தாழ்ந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. ஏதோ சரியில்லை என்பது ஒன்று. இன்னும் முடியவில்லை என்பது மற்றது. இதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் என் துன்பம்.

நாங்கள் திரும்பும் நாளில், விமான நிலையப் பேருந்து நிற்கும் இடம்வரை அவள் வந்தாள். சில வாரங்களாகக் கொஞ்சம் மெலிந்திருந்தாள். பரீட்சை என்றாள். பேருந்து வந்துவிட்டது. அவள் நேராக நின்றுகொண்டாள். பெட்டிகளுக்குச் சரி. கடவுச்சீட்டுகளுக்குச் சரி. "லின், சரி." லின் அழுதுகொண்டே ஏறிவிட்டாள்.

விரல் என் பக்கம் வந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். அவள் வாய் திறந்தது. என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். விரல் மெல்லத் தாழ்ந்தது. புன்னகைத்தாள். ஓட்டுநர் கூப்பிட்டார், ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவளை நோக்கிக் கையை நீட்டி, "சரி" என்றேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. பேருந்து திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

ஊர் வந்து சேர்ந்ததும், ஏன் சொல்லவில்லை என்று செய்தி அனுப்பினேன். எலுமிச்சைச் சாதத்தின் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள், தானே செய்தாளாம். இரண்டாம் முறை கேட்டதற்கு, "நேரில்" என்று மட்டும் வந்தது. பிறகு பதில்கள் குறைந்தன. ஒரு மழைக்காலத்தில் நின்றுபோயின. அடுத்த வருடம் லின் எழுதினாள். இரத்தத்தில் ஏதோ நோயாம், போய்விட்டாளாம். எப்போதிலிருந்து தெரியும் என்று அவளுடைய அம்மாவிடம் லின் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் சரி என்று சொன்னவள் சரியாக இல்லை. அவள் சொல்லாமல் விட்ட நான் இருக்கிறேன். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கல்யாணத்துக்குப் பிறகு முதல் கர்ப்பம் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இதைத்தான் அவள் என் முகத்தில் பார்த்தாளோ என்று நினைத்தேன். படித்தவள் நினைக்கக்கூடிய நினைப்பில்லை என்று தெரியும். நினைத்தேன். மகள் பிறந்து மஞ்சள்காமாலைக்காக நீல வெளிச்சத்துக்கு அடியில் கிடந்தபோதும் நினைத்தேன். ஒவ்வொன்றும் கடந்து போனபோது, அப்படியானால் இது இல்லை, இன்னும் வரவில்லை என்றுதான் மனம் சொல்லிற்று.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ முடித்து ஒரகடத்துக்கு வந்து, ஆறு பேரோடு ஒரே ரூமில் தங்கி வேலை பார்த்து, இப்போது ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். விரல் நீட்டுவது அவருக்குப் புதிதல்ல. அவர்கள் கம்பெனியில் சரக்கு வண்டிகள் போகும் பாதையைக் கடக்கும் இடத்தில் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கும். அதில் நின்று இடம் வலம் விரல் காட்டி ஓகே சொன்ன பிறகுதான் யாரும் தாண்ட வேண்டும்.

"ஏட்டி, கம்பெனில எட்டு மணி நேரம் வெரல நீட்டிட்டு வாரேன். வீட்லயும் நீட்டணுமா?" என்பார் நான் கேஸ் முன்னால் நிற்கும்போது.

அம்மா வந்தால் வேறு மாதிரி. "இன்னாடி, சிலிண்டருக்கு டாட்டா காட்டிகினு கீறே? வா, பஸ் பூடும்."

மகள் ஆதிரை நடக்கப் பழகும்போதே இதைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பொம்மைக்குச் சரி, பால் டம்ளருக்குச் சரி, ஷிஃப்டுக்குக் கிளம்பும் அப்பாவுக்குச் சரி. முழங்கை மடங்காமல், தோளிலிருந்து நீட்டுகிறாள். நான்கூட அப்படி நீட்டுவதில்லை, எனக்கு முழங்கை மடங்கும். எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் உடம்பு சிலிர்க்கும். அவள் அப்பாவின் கம்பெனியில் குடும்ப தினத்தன்று பார்த்திருக்கலாம்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. முதல் நாள், வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. ஆதிரை பையைப் பார்த்துச் சரி என்றாள். தண்ணீர் பாட்டிலுக்குச் சரி. வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும் அக்காவைப் பார்த்து, "அக்கா, சரி." அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "எனக்கே ஓகே போட்டுட்டியா தங்கம்" என்றார்.

விரல் என் பக்கம் வந்தது. என் முகத்தைப் பார்த்தாள். விரல் மெல்லத் தாழ்ந்தது. ஏறிவிட்டாள்.

வேன் போன பிறகும் நான் அந்த இடத்திலேயே நின்றேன். பின்னால் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, நகரத் தெரியவில்லை. அன்று பகல் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். மூன்றாம் தடவை எடுக்கவில்லை, அதுவே பெரிய கலவரமாகிவிட்டது. மாலையில் வேன் வந்தது. இறங்கியதும் முதல் வேலையாகக் கையை நீட்டி, "அம்மா, சரி" என்றாள்.

கட்டிக்கொண்டு, "காலைல ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"வந்துதானே சொல்லணும்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நான் வர்ற வரைக்கும் நீ முடியலல்ல."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றாள். அவளுக்கு அந்தத் தோழியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் என் சரியைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள், மாலையில் வந்து மூடுகிறாள். ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, என்னால் நேரத்துக்கு வர முடியவில்லை. வீட்டுக்கு வந்திருந்த அம்மாதான் வேனுக்குப் போனார். ஆதிரை வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வெயிலில், தெருமுனையில், நான் வரும் திசையைப் பார்த்துக் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா முந்தானையால் அவளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ சொல்லியும் கேக்கல. கைய எறக்குனா நீ வரமாட்டியாம்" என்றார் அம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "மந்திரிக்க இட்டுகினு போலாமாடி?"

வகுப்பு ஆசிரியை இதைக் கேள்விப்பட்டு, பழக்கத்தை மெதுவாக நிறுத்தச் சொன்னார். கணவர் நிறுத்த வேண்டாம் என்கிறார். "புள்ளைக்கு அது வெளையாட்டு. நீதாம்ட்டி அதப் பேயாக்குத. எங்க லைன்ல ஓகே போடாம வுட்டா என்ன அர்த்தம்? வேல ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். ஒன் கூட்டுக்காரியும் அதத்தான் நெனச்சிருப்பா. நேர்ல பாத்து முடிப்போம்னு."

அவர் சொல்வதுபோல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தனக்கு நோய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்திருந்தாளா, தெரியாமல் நினைத்தாளா? அல்லது துணி தேய்க்கும் பெட்டியில் பார்த்ததுபோல் என்னிடம் எதையோ பார்த்தாளா?

அவளுடைய அம்மாவிடம் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றேனே, இப்போது அதற்கு வருகிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. குழந்தைக்காக வீட்டிலிருந்த எனக்கு இது பெரிய விஷயம், வீட்டுக்கும் தேவை. ஆனால் முதலில் மூன்று மாதம் ஜப்பானில் பயிற்சி. இடம் நகோயா. தெரிந்ததும் லின்னுக்கு எழுதினேன். அவள் உடனே பதில் போட்டாள். இறந்துபோன தோழியின் அம்மா எப்போதோ லின்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். கடைசி மாதங்களில் மகள் மருந்துப் புட்டிகளையும், ஜன்னலையும், அம்மாவையும் பார்த்து விரல் நீட்டி ஒரு வார்த்தை சொல்வாளாம். அது எந்த மொழி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். "அதை நீதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்" என்று லின் எழுதியிருந்தாள்.

அதனால் போவதென்று முடிவு செய்துவிட்டேன். அம்மா சேரப்பணஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து ஆதிரையைப் பார்த்துக்கொள்வார். வீடியோவில் தினமும் பேசுவேன். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

நான் கிளம்பும் நாளில் வாசலுக்குக் கார் வரும். ஆதிரை பெட்டிக்குச் சரி சொல்வாள், காருக்குச் சொல்வாள், ஓட்டுநருக்கும் சொல்வாள். பிறகு என்னை நோக்கி விரலை நீட்டித் தாழ்த்துவாள். ஒரு பகல் திறந்து கிடப்பதையே தாங்காமல் வெயிலில் நின்ற பிள்ளை, மூன்று மாதம் அதைத் திறந்தே வைத்துக்கொண்டு எப்படி இருப்பாள்? அந்த ஒரு நாள் மட்டும், "அம்மாக்குச் சரி சொல்லிடுடா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனால், அவள் கை வலிக்காமல் இருக்கும். ஆனால் அப்படிக் கேட்க நினைக்கும்போதே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் நினைவுக்கு வருகிறாள். அவளுக்கு நான் சரி சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பயந்த அம்மாவிடம் வளர்ந்து, பயமில்லாமல் ஆனவர்களும் இருப்பீர்கள். எனக்கு எழுதுங்கள். வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் சரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதா, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போவதா?